லைட் என்று ஒரு சொல்

பஞ்சபூத ஸ்தலங்களுள் அக்னிக்கு உரியதாகிய திருவண்ணாமலையில், ஆதியில் நெருப்பாக நின்றதே பிற்காலத்தில் கல்லாகக் குளிர்ந்தது என்று தலபுராணம் கூறும் அந்த 2,668 அடி உயர மலையின் அடிவாரத்தில், திருவூடல் தெருவில் பிறந்து வளர்ந்தவனாகிய எனக்கு, விளக்கு, தீபம், சுடர், ஜோதி, ஒளி, வெளிச்சம் என்னும் சொற்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கக்கூடியவை அல்ல என்பது எழுத்தறிவதற்கு முன்பே தெரிந்திருந்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததாக நினைவில்லை. அந்தியில் வீட்டு மாடத்தில் ஏற்றுவது விளக்கு. சந்நிதியில் குருக்கள் காட்டுவது தீபம். அந்தத் தீபத்தின் நுனியில் அசைவது சுடர். மலையுச்சியில் கார்த்திகை மாதத்தில் காண்பது மகாதீபம் என்றாலும், கண்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொல்வது ஜோதி. மறுநாட் காலையில் ஜன்னல் வழியே தரையில் விழுவது வெறும் வெளிச்சம். இவற்றுள் ஒன்றை இன்னொன்றாகச் சொன்னால் பாட்டி திருத்துவாள், அவ்வளவுதான்; அவளுக்கும் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

இந்தச் சொற்கூட்டத்தின் நடுவே ஆங்கிலத்திலிருந்து ஒரு சொல் வந்து குடியேறிய காலத்தில் நான் சிறுவனாக இருந்தேன். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்து, சுவரில் கறுப்புக் குமிழ் வைத்த சுவிட்சுப் பலகையும், உத்தரத்திலிருந்து தொங்கும் கண்ணாடிக் குண்டும் பொருத்தப்பட்ட அன்று, அதைப் பார்க்க வந்த அயலார் அனைவரும், தமிழில் அத்தனை சொற்கள் கைவசம் இருந்தும், ஒருவர் தவறாமல் ‘லைட்’ என்றே அதைச் சொன்னார்கள். அதை ஏற்றவும் இல்லை, அணைக்கவும் இல்லை, போட்டார்கள், நிறுத்தினார்கள். மாடத்து அகலுக்கு அது எந்த நாளும் போட்டியாக வரவில்லை. பாட்டி சாயங்காலத்தில் முதலில் அகலை ஏற்றிக் கும்பிட்டபின்தான், “இனிமே லைட்டைப் போடுடா” என்பாள். புதுப் பொருளுக்குப் புதுப் பெயர், புதுப் பெயருக்குப் புது வினை என்று மக்கள் தாமாகவே ஏற்படுத்திக்கொண்ட அந்த ஒழுங்கு, இப்போது நினைக்கும்போதும் எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்குகிறது.

உயர்நிலைப் பள்ளியில் எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த உபாத்தியாயர், மூடுகழுத்துக் கோட்டும் தலைப்பாகையும் தரித்து வரும் பழைய தலைமுறையைச் சேர்ந்தவர். இலக்கணத்தைக் காட்டிலும் அகராதியில் அதிகப் பிரியம் கொண்டவர். 1953ஆம் வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள், பாடத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதினார். “இந்த வாரம் முழுவதும் இதைத் தவிர வேறொன்றும் படிக்க வேண்டாம். ஊருக்குள் போங்கள். இந்தச் சொல் எங்கெல்லாம் காதில் விழுகிறதோ, புஸ்தகத்தில் எங்கெல்லாம் கண்ணில் படுகிறதோ, அத்தனையையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தந்த இடத்தில் தமிழன் வாயில் என்ன வருகிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்” என்றார். கையால் தைத்த ஒரு நோட்டுடன் நான் வீதியில் இறங்கினேன்.

முதலில் எழுதியது சைக்கிளைப் பற்றி. அந்நாளில் இரவில் விளக்கின்றிச் சைக்கிள் ஓட்டுவது குற்றம், தேரடித் தெருவில் இருட்டில் நிற்கும் போலீஸ்காரர் நிறுத்திக் கேட்கும் கேள்வி, “லைட் எங்கே?” என்பதாகவே இருக்கும். டைனமோ வைத்திருப்பவர்கள் செல்வந்தர்கள். மற்றவர்கள் சிறு மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றை முன்னால் மாட்டியிருப்பார்கள். அதுவும் அப்போது லைட் என்றே பேசப்பட்டது. வீட்டில் விளக்காக இருந்த அதே திரியும் எண்ணெயும் சைக்கிளில் ஏறியவுடன் லைட் ஆகிவிட்டதை நான் குறித்துக்கொண்டேன். அடுத்தது சுவாமி புறப்பாடு. தீவட்டிகளுக்குப் பக்கத்தில், ஜெர்மனியிலிருந்து வந்த பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்தபடி மாட வீதிகளில் நடந்த பெண்களும் ஆண்களும் அவற்றைக் காஸ் லைட் என்றார்கள். சுவாமிக்கு முன்னே காட்டும் கற்பூரம் தீபம், வழிக்குக் காட்டும் மண்ணெண்ணெய் லைட். ஒரே ஊர்வலத்தில் இரண்டு சொல்லும் தோளோடு தோள் உரசிச் சென்றன, கலக்கவில்லை.

துணிக்கடையில் லைட் ப்ளூ என்றார்கள். அதற்கு நம்மவர் சொல் இளநீலம். நிறத்தில் ஆங்கிலேயன் பார்ப்பது வெளிச்சத்தின் அளவு; தமிழன் பார்ப்பது பிராயம். இளம்பச்சை, இளஞ்சிவப்பு, ஏன், இளஞ்சூடு என்று வெந்நீருக்குக்கூட நாம் வயது சொல்கிறோம். ரயிலடியில் சிகரெட் பிடிக்கும் இரு கனவான்கள் ஒருவரையொருவர் லைட் கேட்டார்கள். பக்கத்தில் பீடி வைத்திருந்த போர்ட்டர் நெருப்பு கேட்டார். இரண்டும் ஒரே தீக்குச்சிதான். அக்னி ஸ்தலத்துக்காரனாகிய எனக்குப் போர்ட்டரின் சொல்லே நேர்மையானதாகப் பட்டது.

எங்கள் மாமா ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். அவர் கையில் அப்போது இருந்த கட்டு, பக்கத்து வீட்டான் மாடி கட்டி ஜன்னலை மறைத்ததைப் பற்றிய வழக்கு. 1882ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி, இருபது வருஷம் தடையின்றி ஒருவன் அனுபவித்துவந்த வெளிச்சமும் காற்றும் அவனுக்கு உரிமையாகிவிடும் என்பதை அவர்தாம் எனக்குச் சொன்னார். இங்கிலாந்தில் இத்தகைய பழைய ஜன்னல்களுக்கே ‘புராதன லைட்டுகள்’ என்று பெயர் என்பதும், ஜன்னலுக்குக் கீழே அவ்வாறு பலகை எழுதி அடித்துவைப்பார்கள் என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். நம் கிரயப் பத்திரங்களில் அந்த இடத்தில் ‘காற்று வெளிச்சம்’ என்று இருக்கிறது. ஒளி என்றோ, சுடர் என்றோ எந்தப் பத்திர எழுத்தரும் எழுதியதில்லை. வழக்காடுவதற்கு உரியது வெளிச்சம் மட்டுமே. ஒளிக்கு எவனும் பாத்தியதை கொண்டாட முடியாது என்று அந்தக் குமாஸ்தாக்கள் முடிவு செய்து வைத்திருந்தார்கள் போலும்.

என் வகுப்புத் தோழன் ஒருவன் டேனிஷ் மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை. அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஆங்கில பைபிளை ஒரு தொடையிலும் தமிழ் வேதாகமத்தை மறு தொடையிலும் வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு மத்தியானம் முழுவதும் ஒத்துப் பார்த்தோம்; இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்தவற்றுள் அதுவே பெரும் செல்வம். ஆங்கிலத்தில் ஒரே சொல் நின்ற இடங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே சொல்லை வைக்கவில்லை. ஆதியாகமத்தின் முதல் நாளில் தேவன் உண்டாக்கியது வெளிச்சம். நான்காம் நாளில் சூரியனையும் சந்திரனையும் படைத்தபோது, அதே ஆங்கிலச் சொல் பன்மையில் வர, தமிழில் அவை சுடர்கள். யோவான் சுவிசேஷத்தில் கிறிஸ்து தம்மைச் சொல்லிக்கொள்ளும் இடத்தில் அது ஒளி. மலைப் பிரசங்கத்தில் சீஷர்களைப் பார்த்து அவர் சொல்லும்போதோ, உலகத்துக்கு அவர்கள் வெளிச்சம். ஆங்கில வாசகம் குருவுக்கும் சீஷருக்கும் ஒரே சொல்லைத் தருகிறது. தமிழ் வாசகம் குருவை ஒளியாகவும் சீஷரை வெளிச்சமாகவும் பிரித்துவிடுகிறது. மூலத்தின் சமத்துவத்தைத் தமிழ் குலைத்துவிட்டது என்று ஒருவர் வாதிக்கலாம். அப்படி வாதித்தவரையும் பின்னாளில் கண்டிருக்கிறேன். எனக்கு அது ஒப்புதல் இல்லை. வெளிச்சம் என்பது ஓர் இடத்தில் வந்து விழுவது, ஒளி என்பது தன்னிடத்திலேயே இருப்பது என்ற பேதத்தைத் தமிழ்ச் செவி கேட்கிறது; அந்தச் செவிக்கு விசுவாசமாக இருந்த அம்மொழிபெயர்ப்பாளர்களை நான் அன்று முதல் மனத்தில் வணங்கிவருகிறேன்.

வாரம் கழிந்து நாங்கள் நோட்டுகளைக் கொடுத்தபோது, உபாத்தியாயர் எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டு, தடித்த சேம்பர்ஸ் அகராதியை மேஜைமேல் திறந்துவைத்தார். நாங்கள் ஒரு சொல் என்று எண்ணித் திரட்டியது உண்மையில் இரண்டு சொற்கள் என்றார். வெளிச்சத்தைக் குறிக்கும் லைட்டுக்கும், கனமின்மையைக் குறிக்கும் லைட்டுக்கும் எழுத்தும் ஓசையும் இன்று ஒன்றாயினும், வேர் ஒன்றல்ல. முன்னதன் உறவு லத்தீனில் லக்ஸ் என்றும், சம்ஸ்கிருதத்தில் பிரகாசித்தலைக் குறிக்கும் ருச் என்னும் தாதுவாகவும் இருக்கிறது. அந்தத் தாதுவிலிருந்து பிறந்த ருசி என்ற சொல் வடமொழியில் காந்தியையும் குறிக்கும், சுவையையும் குறிக்கும். தமிழுக்கு வந்தபோது காந்தியை வழியிலேயே விட்டுவிட்டுச் சுவையாக மட்டும் நம் இலையில் வந்து உட்கார்ந்தது. பின்னதன் உறவு வடமொழியில் லகு. அது தமிழில் இலகு ஆயிற்று. ஆகவே, இலகு என்று நாம் சொல்லும்போதும், லைட் என்று ஆங்கிலேயன் கனமற்ற பெட்டியைச் சொல்லும்போதும், பல்லாயிரம் காததூரம் பிரிந்துபோன ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இருவரையே நாம் கூப்பிடுகிறோம்.

இதைச் சொல்லிவிட்டு அவர் மேலும் போனார். குதிரையிலிருந்து இறங்குவதையும் பறவை கிளையில் வந்து அமர்வதையும் ஆங்கிலத்தில் இந்தக் கனமின்மைச் சொல்லின் குடும்பத்தாலேயே சொல்கிறார்கள். சவாரி செய்பவன் இறங்கினால் குதிரையின் பாரம் இலகுவாகிறது என்பதே மூலக் கருத்து. இறைச்சிக் கடைக்காரன் ஆட்டின் சுவாசப் பையை அங்கே லைட்ஸ் என்கிறான், ஏனைய உறுப்புகளைவிட அது எடையற்றது என்பதனால். அதே உறுப்புக்கு நம் முன்னோர் நுரையீரல் என்று பெயரிட்டார்கள். அங்கே தராசு பேசுகிறது, இங்கே கண் பேசுகிறது. திருடனை ‘விரல் லைட்டானவன்’ என்பது ஆங்கில வழக்கு. நாம் அவனுக்குக் கை நீளம் என்கிறோம். அரைகுறைத் தூக்கத்தை அவர்கள் லைட் தூக்கம் என்றால், நாம் கோழித் தூக்கம் என்கிறோம். ஒரே மனித சுபாவத்தை இரண்டு ஜனங்கள் எவ்வளவு தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள் என்று அவர் கைகளை விரித்துக் காட்டிய காட்சி எனக்கு இன்றும் கண்முன் நிற்கிறது.

பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “சார், நம்ம பாஷையிலே இப்படி ஒரே சொல்லுக்குள்ளே ரெண்டு சொல் இருக்கா?” என்று கேட்டான். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கரும்பலகையில் ஒளி என்று எழுதினார். “இதற்கு அர்த்தம் என்ன?” என்றார். பிரகாசம் என்றோம். “கண்ணாமூச்சி ஆடுகிறபோது என்ன செய்வாய்?” என்றார். வகுப்பு முழுவதும் அடங்கிப் போயிற்று. காட்டுவதும் ஒளி, மறைவதும் ஒளி. அடியும் முடியும் தேடிப் பன்றியாகவும் அன்னமாகவும் சென்ற திருமாலுக்கும் பிரமனுக்கும் முன்னே ஒளியாக எழுந்து, தன் இரு நுனிகளையும் ஒளித்துக்கொண்ட ஒருவரின் ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறாயே என்று அவர் சொன்னபோது, அவருடைய குரல் தழுதழுத்தது. சொல்லாராய்ச்சிக்காரர்கள் இவ்விரண்டையும் வெவ்வேறு சொற்களாகப் பிரித்து எழுதலாம். பிரித்தாலும், எங்கள் ஊர்க் கருவறையின் பின்சுவரில் நிற்கும் லிங்கோத்பவரைப் பார்க்கும்போதெல்லாம் அவை இரண்டும் எனக்குச் சேர்ந்தே கேட்கின்றன.

விளக்கு என்ற சொல்லும் அத்தகையதே. வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் பாட்டி புளியும் சாம்பலும் வைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்து பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்ப்பாள். விளக்கை விளக்குவது என்பது அதற்குப் பெயர். பள்ளியில் உபாத்தியாயர் செய்ததும் விளக்குவதே. பல்லையும் அப்படித்தான் விளக்கினோம். அழுக்கைப் போக்குவது, பொருளைத் தெளிவாக்குவது, இருட்டை நீக்குவது ஆகிய மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்த ஜனங்கள் கல்வியை என்னவென்று நினைத்திருப்பார்கள் என்பதை நான் ஆசிரியத் தொழிலுக்குப் போனபிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

பாட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தது என்று யாரும் சொல்லக்கூடாது. அணைதல் அமங்கலம். எண்ணெய் தீர்ந்து சுடர் ஒடுங்கினால், “விளக்கு மலையேறிடுச்சி” என்பாள். இது தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்குத்தான். ஆவேசம் வந்தவரிடமிருந்து தெய்வம் நீங்குவதையும் சாமி மலையேறியது என்கிறார்கள். ஆனால், வாசலில் நின்று தலையை நிமிர்த்தினாலே மலை தெரிகிற ஊரில் அந்த வாக்கியம் வெறும் மரபுத்தொடராக இருக்கவில்லை. சிறுவயதில் நான் அதை மெய்யாகவே நம்பினேன்: எங்கள் வீட்டு அகலில் இருந்தது ஒவ்வோர் இரவும் புறப்பட்டு மேலே போய்ச் சேருகிறது, வருஷம் முழுவதும் ஊரார் வீட்டுச் சுடரெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தபின், கார்த்திகையில் அது ஒன்றாகத் தெரிகிறது என்று. அதனால்தான் கார்த்திகையன்று மட்டும் வரிசை மாறிவிடும். அன்று மாலை ஆறு மணிக்கு மலையில் தீபம் தெரிந்தபின்பே வீடுகளில் அகல் ஏற்றுவோம். மற்ற நாள்களில் இங்கிருந்து அங்கே போனது அன்று அங்கிருந்து இங்கே இறங்கி வருகிறது என்பது என் கணக்கு.

அந்தத் தீபத்தின் காரியக்கிரமம் முழுவதும் எண்ணிக்கையைப் பற்றிய ஒரு தத்துவம் என்று சொல்ல வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்குக் கோவிலுக்குள்ளே பரணி தீபம். ஒரு தீபத்திலிருந்து ஐந்து தீபங்களை ஏற்றி, ஏகனே அநேகனாகும் பாவனையைக் காட்டுவார்கள். மாலையில் அர்த்தநாரீசுவரர் வருஷத்தில் ஒருமுறையாகச் சில நிமிஷங்கள் மாத்திரம் வெளியே வந்து ஆடிக் காட்சி தந்து உள்ளே செல்ல, அதே கணத்தில் உச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும். ஏற்றுகிறவர்கள் பர்வதராஜ குலத்தார். தலைமுறை தலைமுறையாக அது அவர்களுடைய பாத்தியதை. இக்காலத்தில் 3,500 கிலோவுக்கு மேல் நெய்யும், ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணியும் திரிக்கும் சுடருக்குமாகச் செலவாகின்றன. பதினொரு நாள் எரிந்தபின் கொப்பரையை இறக்குகிறார்கள். அதில் படிந்த மை ஆருத்ரா தரிசனத்தின்போது நடராஜருக்குச் சாத்தப்பட்டு, பின்னர் அடியார்களுக்குப் பிரசாதமாகிறது. இத்தனை கூட்டத்தில், இத்தனை பாஷைக்காரர்களின் நெரிசலில், அந்தச் சுடரை லைட் என்று ஒரு தமிழர் வாய்தவறியும் சொல்லி நான் கேட்டதில்லை.

விளக்கைப் பற்றிய நம்மவருடைய சிரத்தை எவ்வளவு பழையது என்பதற்குக் கோவிற் சுவர்களே சாட்சி. சோழர் காலத்துச் சாசனங்களில் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் என்று கணக்கு. அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். கிழடு தட்டினவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்பிக்கொண்டே வருமாதலால் மந்தைக்குச் சாவும் மூப்பும் இல்லை. மந்தை உள்ளவரையில் நாள்தோறும் உழக்கு நெய் உண்டு. நெய் உள்ளவரையில் விளக்கு உண்டு. அருணாசலேசுவரர் கோவிலிலும் இத்தகைய விளக்குக் கொடைகள் கல்லில் இருக்கின்றன. கல்லூரி விடுமுறையில் ஒரு பெரியவருடன் அவற்றை விரலால் தடவிப் படித்தபோது, மின்சாரக் கம்பெனியின் மாதாந்தரச் சீட்டையும் இந்த 96 ஆடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சீட்டில் இருப்பது செலவு. கல்லில் இருப்பது, தான் இறந்த பின்னும் தன் விளக்கு எரிய வேண்டும் என்று ஒரு மேய்ப்பனையும் மந்தையையும் நம்பிய மனிதனின் கவலை.

பகவான் ரமணரைச் சொல்லாமல் எங்கள் ஊரில் ஆங்கிலத்தைப் பற்றியும் பேச முடியாது, ஒளியைப் பற்றியும் பேச முடியாது. மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், 1896 ஆகஸ்டு 29ஆம் தேதி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது பெயின் என்பவருடைய ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடம். மூன்று முறை எழுதிவர வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட தண்டனை. இரண்டு முறை எழுதி, மூன்றாம் முறை எழுதத் தொடங்கும் முன் காகிதத்தை ஒதுக்கிவிட்டுப் புறப்பட்டவர், செப்டம்பர் முதல் தேதி அருணாசலத்தின் சந்நிதியில் வந்து நின்றார். பெயினின் பாடம் அத்துடன் நின்றது. ஆனால், ஆங்கிலம் அவரை விடவில்லை. 1911இல் வேலூர்ப் போலீஸ் உத்தியோகஸ்தராகிய ஹம்ப்ரீஸ் வந்தார். பின்னர் பால் பிரண்டன் வந்தார். 1935இல் மேஜர் சாட்விக் வந்து இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய ஆசிரமத்து ஹாலில் கேட்கப்பட்ட கேள்விகளும் தரப்பட்ட விடைகளும் முனகால வேங்கடராமையாவின் கையால் ஆங்கிலத்திலேயே பதிவாயின. அந்தக் கேள்விகளுள் எத்தனையோ முறை இந்தச் சொல் வரும். தியானத்தில் லைட் தெரிகிறது என்பார் ஒருவர். எந்த லைட்டைப் பார்க்க வேண்டும் என்பார் இன்னொருவர். பார்க்கப்படும் ஒளியை விட்டுப் பார்ப்பவனை விசாரி என்பதே பகவான் அவர்களைத் திருப்பிவிட்ட திசை.

சினிமாவைக் கொண்டு அவர் சொல்லும் திருஷ்டாந்தம் பிரசித்தமானது. திரை, அதில் விழும் படங்கள், அவற்றை வீழ்த்தும் விளக்கின் ஒளி, பார்க்கிறவன். 1928இல் இயற்றிய உள்ளது நாற்பதின் முதற்பாட்டில் இந்த நான்கையும் ஒருசேர வைத்து, நான்கும் ஒரே உள்ளபொருள்தான் என்று முடித்திருக்கிறார். ஆங்கிலத்தில் இதைப் பெயர்ப்பவர்கள் லைட் என்று எழுதும்போது, புரொஜெக்டருக்குள் இருக்கும் பல்பும், அதிலிருந்து வரும் கதிரும், திரையில் விழும் வெளிச்சமும், அறிவாகிய ஒளியும் ஒரே சொல்லுக்குள் வந்து அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்துக்கு உரிய பெருமை என்று நான் இதைச் சொல்வேன். நாம் பங்கிட்டு வைத்ததை அது ஒரே பாத்திரத்தில் வைத்திருக்கிறது. நான்கும் ஒன்றே என்று சொல்ல வந்த இடத்தில் அந்த ஒற்றைச் சொல் மிகவும் உதவுகிறது. அதை ஒப்புக்கொள்வதில் தமிழுக்குக் குறைவு ஏதும் இல்லை.

1950 ஏப்ரல் 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு 8.47க்குப் பகவான் சித்தியானார். அப்போது ஊரில் இருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே ப்ரெஸ்ஸான், வால்விட்ட ஓர் ஒளி வானத்தில் மெதுவாக நகர்ந்து மலையுச்சிக்குப் பின்னே மறைந்ததைப் பார்த்துக் கடிகாரத்தையும் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். வெகு பேர் பார்த்தார்கள். எங்கள் தெருவில் அன்று ஒருவர் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ஜனங்கள் கும்பல் கும்பலாக ஆசிரமத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். இங்கிலீஷ் படித்தவர்கள் நட்சத்திரம் விழுந்தது என்று பேசிக்கொண்டார்கள். மற்றவர்கள் ஜோதி என்றார்கள். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அந்த ஆகாய ஒளியைப் பார்த்தாளா இல்லையா என்று நான் கேட்கவில்லை. ‘மலையேறிட்டாரு’ என்று ஒரு சொல் சொன்னாள். விளக்குக்கும் தெய்வத்துக்கும் மட்டும் அவள் வைத்திருந்த வினையை ஒரு மனிதருக்கு அவள் சொன்னதை அன்று ஒருமுறைதான் கேட்டேன்.

காலம் போகப் போக லைட் என்ற சொல் எங்கள் ஊரில் பெருத்துவிட்டது. டியூப் லைட், சீரியல் லைட், டார்ச் லைட், வானொலியில் லைட் மியூசிக். இவற்றுள் கடைசியதற்கு மெல்லிசை என்று அழகான பெயர் கிடைத்தது. டியூப் லைட்டுக்கோ வேறொரு வாழ்வு கிடைத்தது. சுவிட்சைப் போட்டபின் சற்று யோசித்து எரிகிற அதன் சுபாவத்தைக் கண்ட பிள்ளைகள், சொன்னது தாமதமாகப் புரிகிற மனிதனுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். இது ஆங்கிலேயன் அறியாத பிரயோகம். நம் பையன்கள் உண்டாக்கியது. அதைவிடப் பெரிய காரியம், கனமின்மையைக் குறிக்கும் அந்த இரண்டாவது லைட்டை நம்மவர் பிடித்துக்கொண்டு, அதன் பின்னே நம் ஒட்டைச் சேர்த்து ‘லைட்டா’ என்று ஒரு வினையடை ஆக்கிக்கொண்டது. லைட்டா வலிக்குது, லைட்டா உப்பு போடு, லைட்டாத் தூறுது. இதை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால் பாதி இடங்களில் பொருள் நிற்காது. கொஞ்சம், சற்று, இலேசாக, மெல்ல என்று நாம் நான்காகப் பிரித்து வைத்திருந்ததை இங்கே நம்மவரே ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்.

பாஷையின் மீது அக்கறை உள்ளவர்கள் சிலர் இதைக் கேட்டு வருந்துகிறார்கள். சற்று என்ற சொல் மறைந்துபோகுமே என்ற அவர்களுடைய துயரத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால், எனக்கு மெய்யான கவலை வேறோரிடத்தில் இருக்கிறது. அண்மையில் ஒரு கல்யாண மண்டபத்தில், மேடையில் ஏற்றியிருந்த குத்துவிளக்கைக் காட்டி, “அதை ஆஃப் பண்ணிடுங்க” என்று ஒருவர் கூறக் கேட்டேன். பெயர்ச்சொல் போனால் ஒரு பொருளின் பெயர்தான் போயிற்று. வினைச்சொல் போனால் அந்தப் பொருளோடு நாம் பழகும் முறையே போய்விடும். ஏற்றுதல், தூண்டுதல், அமர்த்துதல், குளிர வைத்தல், மலையேறுதல் ஆகிய வினைகள்தாம் விளக்கை மற்றக் கருவிகளிலிருந்து வேறாக்கி வைத்திருந்தவை. தாய்மார்கள் வேறெதைச் சொல்லித் தந்தாலும் தராவிட்டாலும், இந்த ஐந்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற கார்த்திகையன்று காலை முதல் மூட்டமாக இருந்தது. மாலை ஐந்தரைக்கு வீட்டு மொட்டைமாடியில் அயலார் எல்லாரும் கூடி, அகல்களில் எண்ணெய் ஊற்றி வரிசையாக வைத்துவிட்டு, உச்சி தெரியுமா தெரியாதா என்று கழுத்து நோகப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் பேத்தி, பெங்களூரில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறவள், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றபடி எனக்குச் சமாதானம் சொன்னாள்: “லைட்டாத்தான் மேகம் இருக்கு தாத்தா, தீபம் தெரியும்.” சூரியன் போய், மின்விளக்குகள் ஊரெங்கும் எரியத் தொடங்கிய அந்த வேளையில், அவள் லைட் என்ற சொல்லை மேகத்துக்குக் கொடுத்தாள், லகு என்ற அதன் பழைய உறவுக்கு உரிய அர்த்தத்தில், மிகச் சரியாக. மலைமேல் வரப்போவதற்கு அவள் வேறு சொல் வைத்திருந்தாள்.